ரேக்குக்கு வந்த நிலாவாரை

தூத்துக்குடியில் இலை யாவாரம் பார்க்கிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் வாழை இலையா, வெற்றிலையா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, நிலாவாரை. வயிற்றைக் கழுவுகிற இலை. இங்கே சித்த வைத்தியர்கள் சூரணத்தில் சேர்ப்பார்கள். ஐரோப்பாவில் சின்னச் சின்னப் பைகளில் அடைத்துத் தேநீர் மாதிரி மருந்துக் கடைகளில் விற்பார்கள். சாத்தான்குளம், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்து, எங்கள் ஊர்க் கிட்டங்கிகளில் தரம் பிரிந்து, சிப்பமாகிக் கப்பல் ஏறும். உலகச் சந்தையில் அதன் பெயர் ‘டின்னவேலி சென்னா’. பிரிட்டிஷ் மருந்து நூல்களில் அலெக்சாந்திரியா சென்னா ஒரு ரகம், டின்னவேலி சென்னா ஒரு ரகம். 1986-ல் திருநெல்வேலியிலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்து வந்தது. சிப்பத்தின் மேல் அச்சடித்த பெயர் மட்டும் பிரிந்து வரவில்லை.

அந்த இலை இப்போது ஷாம்பு ரேக்கில் இருக்கிறது. சீயக்காய், செம்பருத்தி, மருதாணி, அவுரி என்று வரிசையாக நிற்கும் கூந்தல் பொடி அட்டைப்பெட்டிகளில் அதுவும் ஒன்று. மருந்துச் சரக்காகப் போன இலை அழகுப் பொருளாக மாறியதை உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். இந்த யாவாரத்தில் என் தலைமுடியும் நரைத்துவிட்டது. அதற்கும் எங்கள் சரக்குதான் போடுகிறேன்.

நான் கிட்டங்கிக்குள் நுழைந்தது கணக்கு எழுத. பேரேட்டைவிட இலைக் குவியல் பக்கம் உட்காருவதுதான் எனக்குப் பிடித்தது. அங்கே இலை ஆயும் பெண்களுக்குத் தலைவியாக ஓர் ஆச்சி இருந்தார். முதலாளி வாங்கச் சொன்ன லாட்டை ஆச்சி வேண்டாம் என்றால் அது வாசலோடு திரும்பிவிடும். அவர் சோதனை எளியது. சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்து, காதருகே வைத்து இறுக்குவார். சரசரவென்று ஒடிந்தால் சரி. சத்தமில்லாமல் வளைந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, கப்பலில் பூஞ்சை பிடிக்கும். ஒரேயடியாக நொறுங்கித் தூளானால் வெயிலில் போட்டுக் கருக்கியிருக்கிறான். “ஒடியணும், நொறுங்கப்பிடாது” என்பார். பிறகு ஈரப்பதமானி வந்தது. ஆச்சியும் கருவியும் முரண்பட்ட நாட்களில் நான் ஆச்சி பக்கம்தான் நின்றேன். கருவி சாக்கின் வாய்ப்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லும்.

வெயிலுக்குப் பேர்போன சீமையில் விளைகிற இந்த இலையை நிழலில்தான் காயவைக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள், காற்றோட்டமான இடத்தில் மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் போட்டால் இரண்டு நாளில் வேலை முடியும், பச்சையும் பழுப்பாகும். மருந்துக்கு வாங்குகிறவன் பழுப்பு இலையையும் விலை குறைத்து வாங்கிக்கொள்வான். அவனுக்கு உள்ளே இருக்கும் சென்னோசைடு என்ற மருந்துப் பொருள் எவ்வளவு என்பதுதான் கணக்கு. அழகுக்கு வாங்குகிறவன் முதலில் பார்ப்பது நிறம்.

கூந்தலுக்கு நிலாவாரை கேட்டு முதல் விசாரணை வந்தபோது கிட்டங்கியே சிரித்தது. ‘சாயமில்லா மருதாணி’ என்று அதற்கு வெளிநாட்டில் பெயர் வைத்திருந்தார்கள். ஆச்சி கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது: “வவுத்தால போவ வைக்கிற இலையத் தலையிலயா தேய்க்கப் போறாளுவ?” கேள்வி நியாயமானதுதான். எங்கள் கருப்பு முடியில் இதைத் தேய்த்தால் நிறம் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் பளபளப்பும் முடி கனத்தது மாதிரி ஒரு தோற்றமும் வரும், அவ்வளவுதான். வெளுத்த மஞ்சள் முடிக்கும் நரைக்கும் லேசாகப் பொன்னிறம் ஏறும். மருதாணியை மட்டும் போட்டால் அந்த முடி செக்கச்செவேலென்று ஆகிவிடும். நிலாவாரையைக் கலந்தால் சிவப்பு தணிந்து செம்புப் பொன் மாதிரி நிற்கும். மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற பொருள்தான் முடியின் புரதத்தோடு ஒட்டிச் சிவக்கவைக்கிறது. நிலாவாரை அந்த விகிதத்தைக் குறைக்கிறது. கருப்பு வேண்டுமென்றால் மருதாணிக்குப் பிறகு அவுரி போட வேண்டும். மருதாணி சோஜத்திலிருந்து, அவுரி திண்டிவனம் பக்கமிருந்து, நிலாவாரை எங்களிடமிருந்து. சிவப்பு, கருப்பு, பொன் மூன்றையும் சேர்த்தால் தலைச்சாயப் பெட்டி ஒன்று தயார்.

ஆரம்பத்தில் இதை வாங்கியவர்கள் இயற்கைப் பொருள் மட்டுமே விற்கும் சிறு கடைக்காரர்கள். சாக்குக் கணக்கில் வாங்குவார்கள். லாட்டுக்கு லாட்டு நிறம் மாறினால், இந்த வருடம் மழை எப்படி என்று கடிதத்தில் கேட்பார்கள். அவர்களோடு யாவாரம் செய்தது சுகம். பிறகு பெரிய கடைகள் வந்தன. ஜெர்மனியில் டி.எம்., ராஸ்மான் என்று ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடைச் சங்கிலிகள். பற்பசை, குழந்தைத் துணி, சலவைத்தூள் எல்லாம் விற்கிற சாதாரணக் கடைகள்தான். அவை அல்வெர்டே, அல்ட்டெரா என்று சொந்தப் பெயரிலேயே இயற்கை அழகுப் பொருள் வரிசை வைத்திருக்கின்றன. இயற்கை என்பது தனிக் கடையை விட்டு எல்லாரும் போகிற கடைக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட கடைகளுக்குச் சரக்குச் செய்து கொடுக்கிறவர்கள் எங்களிடம் இலை கேட்க ஆரம்பித்ததும், கடிதம் போய்ப் பக்கம் பக்கமாக விவரக்குறிப்பு வந்தது. மெஷ் எவ்வளவு, ஈரம் எத்தனை சதவீதம், சாம்பல் எத்தனை சதவீதம், ஈயம், ஆர்சனிக், பூச்சிமருந்து எச்சம், கிருமி எண்ணிக்கை. கடைசி வரியில் ஒன்று இருக்கும்: நிறம், ஒப்புதல் பெற்ற மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் இன்றுவரை தூக்கத்தைக் கெடுக்கிறது. செடிக்கு முதல் பறிப்பு, இரண்டாம் பறிப்பு, மூன்றாம் பறிப்பு என்று உண்டு. முதல் பறிப்பு கனத்த இலை, நல்ல பச்சை. கடைசிப் பறிப்பு மெலிந்து மஞ்சள் ஓடியிருக்கும். கரிசலில் விளைந்தது ஒரு பச்சை, தேரிச் செம்மணலில் விளைந்தது இன்னொரு பச்சை. ரேக்கில் இருக்கும் பெட்டிக்கு இதெல்லாம் கிடையாது. போன மார்ச்சில் வாங்கியதும் இந்த அக்டோபரில் வாங்குவதும் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாங்கினவர் கலப்படம் என்று நினைப்பார். எனவே பறிப்பு வாரியாக, நில வாரியாகத் தனித்தனி லாட் போட்டு வைத்து, அரைக்கும்போது கலந்து, மாதிரி நிறத்துக்குக் கொண்டுவருகிறோம். காபிக் கடைக்காரர் கொட்டையும் சிக்கரியும் கலந்து எப்போதும் ஒரே ருசி கொடுக்கிறார் இல்லையா, அதே வேலைதான்.

மணல் இன்னொரு தொல்லை. தேரி மணல் மாவு போன்றது, இலையின் அடிப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். சல்லடையில் எவ்வளவு சலித்தாலும் கொஞ்சம் தங்கும். ஐரோப்பிய மருந்து நூல் நிலாவாரை இலையில் அமிலத்தில் கரையாத சாம்பல் 2.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. மணலைக் காட்டிக்கொடுக்கும் எண் அதுதான். ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு சிட்டிகைப் பொடியை முன்பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தால் நறநறக்கும். வயிறு கலக்கும் அளவுக்கு விழுங்காமல் துப்பிவிட வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எல்லாவற்றையும்விடக் கழுத்தைப் பிடித்தது கிருமி எண்ணிக்கை. அழகுப் பொருளில் கிராமுக்கு 1000-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. தரையில் காய்ந்த இலையை அரைத்துப் பார்த்தால் லட்சக்கணக்கில் நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வாசனையும் மாறாது, அறிக்கையில் மட்டும் பூஜ்ஜியங்கள் நீளும். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த காலத்தில் யாரும் இதை எண்ணிப் பார்த்ததில்லை. வாங்கினவர் அன்றைக்கே குழைத்துத் தேய்த்துக் குளித்துவிடுவார். ரேக்கில் 2 வருடம் இருக்க வேண்டிய பெட்டிக்கு அது பொருந்தாது.

கிருமியைக் கொல்ல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றை அடைக்கும். நீராவி விட்டால் பச்சை மங்கும். அவுரிக்கு நீராவி காட்டவே கூடாது, இலையில் இருக்கும் நொதி சூட்டில் செத்தால் நீலம் பிறக்காது, வெறும் வைக்கோல் பொடிதான் மிஞ்சும். எத்திலீன் ஆக்சைடு வாயு முன்பு எல்லாரும் பயன்படுத்தியது. 2020-ல் இந்திய எள்ளில் அதன் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டு ஐரோப்பாவில் சரக்குகள் திரும்பப் பெறப்பட்ட பிறகு, அந்தப் பெயரைச் சொன்னாலே வாங்குகிறவர் போனை வைத்துவிடுவார். காமாக் கதிர் நிறத்தைத் தொடாமல் கிருமியை ஒழிக்கும், ஆனால் இயற்கை அழகுப் பொருளுக்கான காஸ்மாஸ் சான்றிதழ் அதை ஏற்காது. ஐரோப்பாவின் ஐந்து சான்றளிப்பு அமைப்புகள் கூடி 2010-ல் வெளியிட்ட தர விதி அது. பெரிய கடையின் இயற்கை வரிசைக்குள் போக அந்த மாதிரி முத்திரை இல்லாமல் முடியாது. நீராவி விட்டால் நிறம் போகும், கதிர் காட்டினால் முத்திரை போகும், ஒன்றும் செய்யாவிட்டால் சரக்கு போகும்.

இந்த முடிச்சை அவிழ்க்க இயந்திரக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள், விலைப்பட்டியலோடு. கடைசியில் வேலை நடந்த இடம் களம். பறித்த இலையை வெறுந்தரையில் கொட்டாமல் வலை கட்டிய பரண்மேல் பரப்பினோம். ஆடும் கோழியும் வராமல் சுற்றி அடைத்தோம். களத்துக்குள் செருப்பு கூடாது, கை கழுவிவிட்டுத்தான் புரட்ட வேண்டும். பறித்த அன்றே பரணுக்கு ஏற வேண்டும், சாக்கில் ஓர் இரவு கிடந்த இலைக்கு உள்ளே சூடு கண்டுவிடும், அதில் கிருமி பெருகும். இவ்வளவுதான் தொழில்நுட்பம். எண்ணிக்கை லட்சத்திலிருந்து ஆயிரங்களுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு சின்னச் சூட்டுக் காற்றில் உலர்த்தியதும் எல்லைக்குள் வந்துவிட்டது, நிறமும் நின்றது.

விவசாயிகளைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை. “அண்ணாச்சி, எங்க தாத்தா காலத்திலிருந்து தரையிலதான் காயப் போடுதோம். எந்த வெள்ளக்காரனும் செத்தான்னு சேதி வரல” என்றார் ஒருவர். விலையைக் கூட்டிக் கொடுத்தபிறகுதான் பரண் எழுந்தது. அந்தக் கூடுதல் விலையை வாங்குகிறவரிடம் கேட்டால், தரம் என்பது உங்கள் கடமை, அதற்குத் தனி விலை எதற்கு என்பார். ரேக்கில் அந்தப் பெட்டி விற்கும் விலையில் இலையின் பங்கு என்ன என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அட்டைப்பெட்டியின் பங்கு அதைவிட அதிகம்.

வெளிநாட்டுக் கதை இப்படிப் போய்க்கொண்டிருக்க, உள்ளூரில் நாமும் ஒரு பாக்கெட் போட்டால் என்ன என்று தோன்றியது. சீயக்காய், செம்பருத்தி இலை, ஆவாரம்பூ, நலங்கு மாவு. சின்ன அளவில்தான்.

தமிழ்நாட்டில் இந்த ரேக் புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி.பி.சித்தன் 1969-ல் 18 மூலிகை சேர்த்து மெடிமிக்ஸ் சோப் போட்டார். கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்ன சாஷேயில் அடைத்து எளியவர் கைக்குக் கொண்டுவந்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பு தொடங்கினார், பிற்பாடு கெவின்கேர் ஆன அதே கம்பெனி மீரா என்று சீயக்காயையும் பாக்கெட்டாக்கி மளிகைக் கடைக்குள் நுழைத்தது. ஆயத்தக் கூந்தல் பொடியை மளிகைச் சிட்டையில் எழுத வைத்தவர்கள் இவர்கள். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சாஷேச் சரம் தொங்காத கடை கிடையாது. உப்பளத்து வேலை முடித்து வருகிற பெண்கள், கூலி வாங்கின கையோடு ஒன்று கிழித்து வாங்கிப் போவார்கள்.

உப்பளம் என்றதும் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர். சோப்பு போட்டால் நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து முடியில் பிசுபிசுவென்று ஒட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிவது அது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சப்போனினுக்கு அந்தத் தொல்லை கிடையாது, உவர்த் தண்ணீரிலும் எண்ணெயை எடுத்துவிடும். எங்கள் பக்கத்தில் சீயக்காய் இன்னும் தேய்க்கப்படுவதற்குப் பாரம்பரியப் பற்றைவிட இந்த வேதியியல்தான் காரணம் என்று நினைக்கிறேன். விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை. பாட்டி, பேத்தி, ஆற்றங்கரை என்றுதான் படம் எடுப்பார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் ரேக் பிடிப்பது நிலம் வாங்குகிற மாதிரி. கண் உயரத்தட்டு யாருக்கு, முழங்கால் உயரத்தட்டு யாருக்கு என்று முதலிலேயே முடிவாகியிருக்கும். நாங்கள் அடித்தட்டு. பார்கோடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்த மாதம், பேட்ச் எண் எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும். லைசென்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பொடி, ‘கூந்தலைச் சுத்தமாக்கும்’ என்று எழுதினால் அழகுப் பொருள். ‘முடி உதிர்வைக் குணமாக்கும்’ என்று எழுதினால் மருந்து, சித்த மருந்து லைசென்ஸ் கேட்பார்கள். இரண்டு வார்த்தையில் அலுவலகமே மாறிவிடும். நான் சுத்தத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

விற்பனை எண்ணெய்க் குளியல் நாட்களுக்கு முன்பு ஏறும். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மாதச் சரக்கு போய்விடும். கடையின் கணினிக்கு இந்த நாட்காட்டி தெரியாது. கடந்த மூன்று மாதச் சராசரியைப் பார்த்து ஆர்டர் போடும். ஐப்பசியில் தட்டு காலியாகக் கிடக்கும், கணினி அதைப் பார்த்துச் சரக்கு அனுப்பச் சொல்லும்போது கார்த்திகை வந்திருக்கும். அனுப்பியது விற்காமல் காலாவதியாகி என் தலையில் திரும்பும். ஒரு கடையில் இளம் மேலாளரிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், சிஸ்டத்துல எண்ணெய்க் குளியலுக்கு காலம் இல்ல” என்றார். நல்ல பையன். அடுத்த தீபாவளிக்குக் கையாலேயே ஆர்டர் எழுதி அனுப்பினார்.

வாங்குகிறவர் எதிர்பார்ப்பும் கடையின் கணினியைப் போலத்தான் ஒற்றைப்படையானது. கஸ்தூரி மஞ்சள் என்றால் பளிச்சென்று மஞ்சளாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அசல் கஸ்தூரி மஞ்சள் பொடி தந்தத்தின் நிறம், சந்தனத்துக்குப் பக்கத்தில் வரும். வாசனையில் கற்பூரம் தெரியும். சந்தையில் கஸ்தூரி என்று விற்கும் அடர்மஞ்சள் பெரும்பாலும் வேறு கிழங்கு. அசலைப் போட்டுப் பார்த்தோம். “வெளுத்துப்போன பழைய சரக்கு” என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். கடைக்காரர் அடர்மஞ்சளாக ஒன்று அனுப்புங்கள் என்றார். அனுப்பவில்லை. அந்த ஒரு பொருளை நிறுத்திவிட்டோம்.

நலங்கு மாவில் கார்போகரிசி சேர்ப்பது வழக்கம். நான் சேர்ப்பதில்லை. அதில் இருக்கும் சோரலன் தோலில் பட்டு வெயிலில் போனால் சிலருக்கு எரியும், கருக்கும். வெண்புள்ளி வைத்தியத்தில் அதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான். குளித்துவிட்டு உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கு விற்கும் பொடியில் அது எதற்கு? இயற்கை என்பதால் கெடுதல் செய்யாது என்று நம்புகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல பாக்கெட்டில் இடம் போதாது.

அதைவிட மோசமானது கருப்பு மருதாணி. ஒரே தடவையில், அரைமணி நேரத்தில் கருகருவென்று ஆக்கும் மருதாணி எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. அவுரியையும் மருதாணியையும் வைத்து வேலை செய்கிற எங்களுக்குத் தெரியும், இரண்டு கட்டம், பல மணி நேரம், அதற்குப் பிறகும் நிறம் முழுதாகப் பிடிக்க ஒரு நாள் ஆகும். அரைமணிக் கருப்பு பி.பி.டி. என்ற ரசாயனச் சாயம். சட்டப்படி அதை விற்கலாம், ஆனால் ஒவ்வாமை வரலாம், முதலில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பாருங்கள், புருவத்துக்கும் இமைக்கும் போடாதீர்கள் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். அச்சிட்டுத்தான் இருப்பார்கள், பெட்டியின் பின்புறம், எறும்பு எழுத்தில். முன்புறம் மருதாணி இலைப் படம். இந்தப் பெட்டி எங்கள் பொடிக்கு அதே தட்டில் பக்கத்து வீடு. ஒரு தகவல் மட்டும்: மருதாணிப் பொடி வாங்கினால் ஈரமான வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். உடனே பளீரென்று பச்சை பரவினால் சாயம் ஏற்றியிருக்கிறது. நல்ல பொடி மெதுவாக, பழுப்புக் கலந்த ஆரஞ்சாகத்தான் கசியும்.

எங்கள் ஊர் முத்து நகர் என்பதால் சென்னை, பம்பாய் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் இருக்கமாட்டார்கள்: முத்துத் தூள் கிடைக்குமா, ‘பேர்ல்’ க்ரீம் போடுகிறோம். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள், அது பெரும் தொழிலாக வளரவில்லை. ஊரின் பெயரில்தான் முத்து இருக்கிறது. சங்கு கேட்டால் அர்த்தமுண்டு. முகப்பருவுக்குச் சங்கைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து அந்த வெள்ளைக் குழம்பைப் பூசுவது இன்றும் வீடுகளில் நடக்கிறது. சந்தனம் உரைக்கிற அதே கல். பத்து நிமிடம் உரைத்தால் ஒரு பரு மறைகிற அளவு வரும். பாக்கெட்டில் வரும் சங்குப் பொடியைவிட அது மென்மை. காரணம் எளிது, கையால் உரைக்கும்போது ஈரத்திலேயே நைசாகிறது, மிஷினில் அரைத்தது எவ்வளவு சலித்தாலும் முகத்தில் கீறும்.

தேங்காய் எண்ணெய்க் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், வி.வி.டி. என்ற எண்ணெய்க் கம்பெனி எங்கள் ஊர் என்பதால் தேங்காய் எண்ணெய் வரி வழக்கை ஊரே கவனித்தது. சின்ன பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? சமையல் எண்ணெய் என்றால் ஒரு வரி, கூந்தல் எண்ணெய் என்றால் அதைவிடக் கூடுதல். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்த இந்தத் தகராறில் 2024 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பாட்டில் சின்னது என்பதாலேயே அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது. சேலம் கலால் ஆணையர் ஒரு தமிழ்நாட்டு எண்ணெய்க் கம்பெனி மேல் போட்ட வழக்கு அது. ஒன்பது மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெய், ஷாம்பு, சோப்பு எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. சமையல் எண்ணெய்க்கும் 5. யாரும் இனி பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வழக்குப் போட வேண்டியதில்லை. எங்கள் அடித்தட்டுக்கு மட்டும் நட்டம், ஷாம்பு மலிந்தபோது சீயக்காய் பக்கம் வந்த கை கொஞ்சம் குறைந்தது.

மறுபடி இலைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நிலாவாரை தண்ணீர் தேங்கினால் தாங்காத செடி. விதைத்து இலை விடும் நேரம், வேர் அழுகிப் படுத்துவிட்டது. பரண்கள் சாய்ந்தன, கிட்டங்கியில் கீழடுக்குச் சிப்பங்கள் ஊறிப்போயின. மறுவிதைப்பு செய்தவர்களுக்கு இலை தாமதமாக வந்தது, நிறமும் சற்று இளம்பச்சை. நனைந்த சிப்பத்தைக் காயவைத்து ஒப்பேற்றலாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆச்சி இருந்திருந்தால் அவர்களைக் கிட்டங்கிக்குள் விட்டிருக்கமாட்டார்.

அந்த வருடச் சரக்குக்கு வெளிநாட்டு வாங்குகிறவர் அனுப்பிய மின்னஞ்சல் ஒரே வரி: நிறம் போன வருட மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. நான் வெள்ளத்தின் படங்களையும், வானிலை மையத்தின் மழை அளவையும், மூன்று லாட் மாதிரிகளையும் அனுப்பினேன். ஒவ்வொன்றின் மேலும் எந்த ஊர், எப்போது விதைத்தது, எத்தனையாவது பறிப்பு என்று எழுதியிருந்தேன். முதலிரண்டும் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது, விளாத்திகுளம் கரிசல், இரண்டாம் பறிப்பு, பரணில் காய்ந்தது. அதை ஏற்றுக்கொண்டு, ரேக்கில் இருக்கும் பெட்டியில் ‘அறுவடைக்கு ஏற்ப நிறம் சற்று மாறலாம்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளவும் சம்மதித்தார்கள். விலையில் பேச்சு இல்லை, போன வருட விலையேதான். பணம் வழக்கம்போல 90 நாள் தவணை.